ஒரு முழ நிலைப்படியும் குறைகேட்க வந்த அதிகாரியும்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கிட்ட. மாபெரும் யுத்தம் ஒன்றின் கதை சொல்கிறேன். உரலில் இடறி இடுப்பொடிந்தவளும், பல்லிழந்தும் சொல்லிழக்காதவளும், கீரைப்பாத்தியில் புகுந்த கிடாயை ஒரே அதட்டலில் ஊரெல்லை தாண்ட வைத்தவளுமாகிய பொன்னுத்தாயி என்னும் வீரத்திருமகள் வாழ்க! அது நான்தான், எனக்கு வேறு யார் வாழ்க சொல்லப் போகிறார்கள்?

அறுபத்தெட்டாம் வருஷம். ஆஸ்பத்திரி 'போதும்' என்று அனுப்பிவிட்ட, வீடோ 'இன்னும் கொஞ்சம் தேறட்டும்' என்று தயங்கிய முதியோரை நடைபழக்கி அனுப்புவதற்கென்றே, பள்ளத்தூரில் தேனம்மை ஆச்சி தம் வீட்டின் இரண்டாம் கட்டு முழுவதையும் விடுதியாக ஒதுக்கி விட்டிருந்தார். சட்டம் ஒன்றே: கைத்தாங்கல் இல்லாமல் கழிப்பறை போய்வருபவர் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் வழியில் கிடந்தான் பகைவன்! பர்மாத் தேக்கில் பிறந்து, ஒரு முழம் உயர்ந்து, மூன்று தலைமுறைப் பாதம் பட்டும் தேயாத நிலைப்படி என்னும் அரக்கன்! பன்னிரண்டு நாள் படையெடுத்தேன். பன்னிரண்டு நாளும் நெல்மூட்டைபோல் தூக்கிக் கடத்தப்பட்டேன்.

அப்போதுதான், விடுதியின் தரம் பார்த்து எழுத மதுரையிலிருந்து அதிகாரி அழகுசுந்தரம் எழுந்தருளினார். அவர் ஒரு வரி எழுதினால் அரக்கன் தலை அறுபடும்! "அறுங்கள் அந்தப் படியை!" என்று திசையதிர முழங்க நாவைத் தீட்டி வைத்திருந்தேன்.

"குறையிருந்தா மறைக்காமச் சொல்லுங்க அப்பத்தா," என்றார் அவர்.

பக்கத்தில் ஆச்சி நின்றார், காலையில் எனக்கு ஊட்டிய கவுனியரிசியின் மணம் விரல் விட்டுப் போகாமல். உண்ட வீட்டில் குறைசொன்னால் எங்கள் ஏழு தலைமுறைக்கும் இழுக்கு. இடியாய்ப் புறப்பட்ட முழக்கம் எலிக்குஞ்சாய் வெளிவந்தது: "ஒரு குறையுமில்லய்யா. நீங்க சாப்பிட்டீகளா?"

"சாப்பிடாம விடுவேனாக்கும்? எட்டு வெள்ளைப்பணியாரம் உள்ள போயிருக்கு," என்றார் ஆச்சி.

அதிகாரி கழிப்பறை காணப் புறப்பட்டார். அரக்கன் விட்டானா? வேரற்ற பனைபோல், அச்சு முறிந்த தேர்போல், பேனா ஒருபுறமும் காகிதம் ஒருபுறமும் பறக்கக் குப்புற வீழ்ந்தார். வென்றோம் என்று என் நெஞ்சில் முரசு கொட்டியது.

"ஆத்தீ! அடி பட்டுருச்சா தம்பி?" என்று பதறினார் ஆச்சி.

பெருவிரல் நகத்தில் ரத்தம். அதிகாரி ஆச்சியைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பணியாரம் இருந்த வயிற்றைத் தடவிக்கொண்டார். "ஒண்ணுமில்லை ஆச்சி," என்று எழுந்து, 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

நான் இன்னும் ஒன்பது நாள் அங்கேயே இருந்து, பத்தாம் நாள் படிமேல் உட்கார்ந்து காலை அங்குட்டுத் தூக்கிப் போட்டு, கைத்தாங்கல் இல்லாமல் கழிப்பறை போய்வந்து, மறுநாள் வீட்டுக்கு வந்தேன்.

உங்கள் வீட்டுப் பானை நிறையட்டும். நிலைப்படி முழங்காலுக்கு வெகு கீழே நிற்கட்டும். உண்டவர்கள் வாய்திறந்து குறையும் சொல்லட்டும். நல்லா இருங்க, கண்ணுகளா.