இருபது பாட்டிலுக்கு ஊட்டிய சர்க்கரை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நானும் உன் மச்சானும், அவர் நெற்றியில் ஒரு கண்ணாடிக் கீறல் நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டால் எனக்கு இன்னும் எரியும்.

பீர் என்ற சொல்லை இந்த நாற்பத்தாறு வயதில் இன்றுதான் கையால் எழுதுகிறேன். எழுத வைத்தவன் நீ. வேலையாக வெளியூர் போகிறேன், பதினைந்தே நாள் என்று சொல்லி நீயே போட்ட பீர் ஊறுகிற அந்த வெள்ளை டிரம்மை என் சாமான் அறையில் இறக்கினாய். கூடப் பிறந்த பாவத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு போனில் என்ன சொன்னாய்? மறந்துபோச்சு என்று சொல்லாதே, நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். "அக்கா, இந்நேரம் நுரைச்சு அடங்கியிருக்கும், பாட்டில்ல ஊத்திடு. ஃபிரெண்ட்ஸுக்குக் கசப்பு ஆகாதாம். பாட்டிலுக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு இறுக்கி மூடு." மூக்கில் துணி கட்டி, மேலே பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருபது பாட்டில் ஊற்றினேன். தலை தட்டி இரண்டிரண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை கூடவோ குறையவோ இல்லை. மூடி அழுத்தும் கருவியில் உன் மச்சான் தொங்கியே விட்டார்.

ஊற்றிய பத்தாம் நாள், ஞாயிறு மதியம், பெண்ணின் அப்பா அம்மா வந்தார்கள். நீ ஆசைப்பட்ட பெண், நீ கெஞ்சி அனுப்பி வைத்த மனிதர்கள், உனக்கென்று பேச இருக்கிற ஒரே பெரியவள் நான். அவர் பேக்கரி வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தாய், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த அம்மா நேராகவே கேட்டார். "தம்பிக்குக் குடிப்பழக்கம் எதுவும்...?" தினம் இரண்டு வேளை பிரார்த்தனை செய்கிற இந்த வாய், "வாடையே ஆகாதுங்க" என்றது. சொல்லி மூடவில்லை, உள்ளே டமார். "தெருவுல டயர்" என்றார் உன் மச்சான். டமார். "பின்னாடி டயர்." மூன்றாவதற்கு அந்த அம்மா, "லாரிங்களா?" என்றார். நான்காவதற்குக் கதவடியில் நுரை கிளம்பி, விருந்தாளிகளைப் பார்க்க வந்த மாதிரி நாற்காலிவரை வந்து நின்றது. "வினிகர்" என்றேன். இரண்டு பொய், இரண்டும் உன் கணக்கில்.

பேக்கரிக்காரர் குனிந்து, விரலில் தொட்டு முகர்ந்தார். "ஈஸ்ட்டும்மா இது. சர்க்கரை போட்டது யாரு?"

"நான்தாங்க."

"அது செத்துப்போச்சுன்னு நினைச்சீங்களா? தின்ன ஒண்ணுமில்லாம படுத்துக் கிடந்திருக்கு. எழுப்பி ரெண்டு ஸ்பூன் ஊட்டி, கதவையும் பூட்டிட்டீங்க. தின்னா காத்து விடும், போக வழியில்லாம வெடிக்காம என்ன பண்ணும்?"

மிச்சத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உள்ளே பாய்ந்த உன் மச்சான் ரத்தத்தோடு வெளியே வந்தார். அந்த அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்று, "வாடையே ஆகாதுன்னீங்களே" என்றார். அவ்வளவுதான். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன் சொல்? அடங்கியது என்றால் முடிந்தது என்று உனக்கு எந்த மேதாவி சொன்னான்? போட்ட சர்க்கரை அத்தனையும் தின்று தீர்த்துவிட்டது, இனிப்பும் இல்லை, பாட்டிலும் இல்லை. கல்யாணம் நின்றால் அந்தப் பெண்ணுக்கு நீயே பதில் சொல்லிக்கொள். வெள்ளிக்கிழமைக்குள் டிரம்மை எடுக்காவிட்டால் தெருவில் உருட்டிவிடுவேன், அப்புறம் உனக்கு அக்கா என்று ஒருத்தி கிடையாது.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு படுக்காதே. ஆண்டவன் உன்னைக் காக்கட்டும், கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும்.

ஆறாத கோபத்துடன்,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பேக்கரிக்காரர் தனியாக வந்தார், கையில் ஒரு பொட்டலம். பால் சர்க்கரையாம். ஈஸ்ட்டுக்கு இதைத் தின்னத் தெரியாதாம், போட்ட இனிப்பு போட்டபடியே நிற்குமாம். "வீட்டம்மாவுக்குக் கோபம் பீர்மேல இல்லம்மா, உங்க பொய்மேல. தம்பிக்காக அடுத்தடுத்து ரெண்டு பொய் சொல்ற அக்கா நம்ம பொண்ணுக்காகவும் சொல்லுவாங்கன்னேன், சரின்னுட்டா" என்றார். கல்யாணத்துக்கு ஒரு டிரம் போடச் சொல்கிறார். நானே பார்த்துக்கொள்கிறேன், நீ சாமான் அறைப் பக்கமே வராதே. முடி வெட்டிக்கொண்டு மாப்பிள்ளையாக மட்டும் வந்து சேர்.