வந்து சேராதவள்

ஏழு கடல் தாண்டியெல்லாம் போக வேண்டாம். கொஞ்சம் கண்ணை மூடினால் போதும், தாழைத்தீவு வந்துவிடும். அந்தத் தீவை ஓர் அரசர் ஆண்டார். காலையில் ஒரு சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

தீவில் ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர். அதைக் குடித்த பிறகுதான் பேரும் ஊரும் கேட்பார்கள். அக்கரையிலிருந்து சொர்ணம் வந்து இறங்கிய அன்று அவளுக்குச் செம்பை நீட்டியவன் தவசி. பிறவியிலேயே கண் தெரியாதவன். செம்பை அவளை விட்டுவிட்டுத் தூணுக்கு நீட்டினான். சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டே ஆள் விழுந்துவிட்டான். பிறகென்ன, கல்யாணம்தான். அவள் கடலை வறுப்பாள், அவன் சந்தையில் கூவி விற்பான். வருஷங்கள் போய்க் காதோரம் நரையும் வந்துவிட்டது.

அப்போதுதான் அரசருக்கு அந்த யோசனை வந்து தொலைத்தது. வெளியே பிறந்தவர்கள் எல்லோரும் நிரந்தரவாச மனு கொடுக்க வேண்டும். சொர்ணமும் கொடுத்தாள். நிரந்தரவாச மந்திரி பூபாலர் மனுவைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"வசிக்க அனுமதி கேட்கிறாய். ஆகவே நீ இன்னும் வசிக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை நீ வந்து சேராதவள்."

"ஐயா, உங்க முன்னாடிதானே நிக்கிறேன்?"

"அது உன் சொந்த அபிப்பிராயம்," என்றார் மந்திரி.

அடுத்த சட்டம்: வந்து சேராதவருக்கு யாரும் எதையும் விற்கக்கூடாது. மளிகைக்கடை சீனிவாசகம் என்ன செய்வார் பாவம். தராசிடம் பேச ஆரம்பித்தார். "தராசே, ரெண்டு படி கடலையை இந்த ஓரத்துல மறந்து வச்சிட்டுப் போறேன், பார்த்துக்கோ."

அதுவும் அரசர் காதுக்கு எட்டியது. மூன்றாவது சட்டம் வந்தது: வந்து சேராதவரைப் பார்ப்பதே குற்றம். பார்த்தவரும் அந்தக் கணமே வந்து சேராதவர் ஆகிவிடுவார். மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். தெருவே சொர்ணத்தைக் கண்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா கூரையைப் பார்த்து, "ஏ காக்கா, உனக்கு மீன்குழம்பு வச்சிருக்கேன், ஆறிடப் போவுது," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். சொர்ணம் அந்தக் குழம்பை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். நல்ல மனுஷங்கதான். ஆனாலும் முகம் பார்த்துப் பேச ஒரு ஆள் இல்லையென்றால் மனசு என்ன பாடுபடும்.

தவசியை மட்டும் சட்டம் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண் இல்லாதவனை, 'நீ அவளைப் பார்த்தாய்' என்று எப்படிப் பிடிப்பது? அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "நீ வந்துட்டே புள்ள. எனக்குத் தெரியும்."

விசாரணை நாள் வந்தது. அவள் தீவில் வசித்ததைக் கண்ணால் கண்ட சாட்சி வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கே படகில் ஏற்றிவிடுவார்கள். தவசி கூடவே போகவும் முடியாது; தீவில் பிறந்தவர்கள் தீவை விட்டுப் போவதற்கும் ஒரு தடைச்சட்டம் இருந்தது.

"சொர்ணம் என்பவளைக் கண்டவர் எவரேனும் உண்டா?" என்று கேட்டார் மந்திரி.

சபை முழுக்க மேற்கூரையைப் பார்த்தது. தவசி எழுந்தான்.

"நான் பார்த்தேன்."

மந்திரி வாய்விட்டுச் சிரித்தார். "குருடனே, நீ எதைப் பார்த்தாய்?"

"செருப்புச் சத்தத்துலயே அவ கோவமா வர்றாளா, களைச்சு வர்றாளான்னு தெரியும் சாமி. கடலை கருகுற வாசம் வந்தா, அக்கரையில இருக்கிற அம்மாவை நெனச்சுக்கிட்டு நிக்கிறாள்னு தெரியும். இது பார்க்கிறது இல்லேன்னா, கண்ணுள்ளவங்க வேற என்னத்தைப் பார்க்கிறீங்க?"

மந்திரியின் சிரிப்பு நின்றது. "குமாஸ்தா, எழுதிக்கொள். இவனும் வந்து சேராதவன்."

எஸ்தர் அக்கா எழுந்தாள். "அப்ப என்னையும் எழுதிக்குங்க. நானும் பார்த்தேன். இத்தனை நாள் காக்காகிட்ட பேசினதுக்கு வெட்கமா இருக்கு." அடுத்து சீனிவாசகம் எழுந்தார். அவருக்குப் பின்னால் தெருவே எழுந்தது, பிறகு சபையே எழுந்தது.

மந்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. விரலை நீட்டிக் கத்தினார்: "இதோ இங்கே நிற்கிறாளே, இவள் ஒருத்திக்காகவா இத்தனை பேர்?"

குமாஸ்தா அந்த விரல் போன திசையில் பார்த்தார். பிறகு பணிவாகச் சொன்னார்: "பிரபு, தாங்களும் பார்த்துவிட்டீர்கள். தங்கள் தயவில் அடியேனும்."

மறுநாள் காலையில் அரசர் எழுந்து கையைத் தட்டினார்.

"யாரங்கே?"

யாரும் வரவில்லை. சமையல்காரர், காவலர், சாமரம் வீசுகிறவர் எல்லோரும் நேற்று சபையில் எழுந்தவர்கள்; அவரவர் வீட்டில்தான் இருந்தார்கள். சட்டப்படி தீவில் இல்லாதவர்கள் எப்படிக் குரல் கொடுப்பார்கள்? உச்சிவெயில் ஏறியதும் அரசர் தானே கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினார். கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. திறந்திருந்த முதல் வாசலில் போய் நின்றார்.

"யாராவது... இருக்கிறீர்களா?"

"குரல் வறண்டு கெடக்கு புள்ள," என்றான் உள்ளேயிருந்து தவசி.

சொர்ணம் செம்போடு வந்து நீட்டினாள். அரசர் அவள் முகத்தைப் பார்த்தார், செம்பையும் பார்த்தார். பார்த்தால் என்ன ஆகும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? இருந்தாலும் இரண்டு கையாலும் வாங்கி மடமடவென்று குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"அம்மா, மனு எங்கே கொடுக்க வேண்டும்?"

"அது கெடக்கட்டும், உள்ள வாங்க," என்றாள் சொர்ணம். "உங்க பேரு என்ன? எந்த ஊரு?"