இருபத்தெட்டு கிராம் வீரம்

நாலாவது வெடிக்குச் சூசைதாசனின் தொப்பி பறந்தது. களிமண் தட்டும் பறந்தது. தொப்பி கீழே விழுந்தது. தட்டு உடையவில்லை. செம்மஞ்சள் நிறத்தில் சாசர் அளவு தட்டு அது. ஒரு கீறல்கூட இல்லாமல் வேலியைத் தாண்டிப் போய்ப் புல்லில் சுகமாகப் படுத்துக்கொண்டது.

“பூச்சியம்,” என்றாள் அவருடைய மனைவி றோஸ்மலர். பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“காத்தடிக்குது.”

“ஓமப்பா. உங்கட பக்கம் மட்டும் அடிக்குது.”

பக்கத்து வீட்டுச் சுபாஸ்கரன் புள்ளி அட்டையோடு நின்றான். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தால் சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

சூசைதாசன் வலது தோளைத் தடவிப் பார்த்தார். தோள் இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றி நல்லதாய்ச் சொல்ல ஒன்றும் இல்லை. இன்னும் ஆறு தட்டு மிச்சம். ஆறும் உடையாவிட்டால் கபேட் போச்சு.

கபேட் கதை இதுதான். ரெய்னர்ஸ் லேனில் அவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு கபேட், சாமான் வைக்கும் அலுமாரி. அதற்குள் றோஸ்மலரின் தையல் மெஷின், இருபது கிலோ அரிசி மூட்டை, எதற்கென்று அவருக்கு இன்றுவரை விளங்காத பதினொரு வெறும் ஐஸ்கிரீம் டப்பா. சுபாஸ்கரனிடம் துவக்கும் இருக்கிறது, லைசென்சும் இருக்கிறது. பயிரைத் தின்னும் புறாக்களைச் சுடக் கென்ட் பக்கம் ஒரு பண்ணைக்காரர் அவனைக் கூப்பிடுவார். ஒருநாள் அவன் இரண்டு புறா கொண்டுவந்து கொடுத்தான். கறி ஆனது. அன்றிலிருந்து சூசைதாசன் தரையில் நடக்கவில்லை. தானும் லைசென்ஸ் எடுப்பதென்று முடிவு. ஆனால் துவக்கைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுக்க முடியாது. சுவரில் போல்ட் அடித்த இரும்புக் கபினெட் வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரிந்த ஒரே சுவர் அந்தக் கபேட்டுக்குள் இருந்தது.

“கபினெட் வைக்கப் போறன்,” என்று அறிவித்தார்.

“எந்த நாட்டுக்கு?”

“இரும்புப் பெட்டியப்பா! துவக்குக்கு. பிறகு தோட்டா வாங்கோணும்.”

“தோட்டத்துக்கோ? நல்லது. புல்லு முழங்கால் மட்டும் நிக்குது.”

“தோட்டமில்லை, தோட்டா!”

றோஸ்மலர் கத்தவில்லை. அரிசி மூட்டைக்காக அழவும் இல்லை. அப்போதே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

“சரியப்பா. ஞாயிற்றுக்கிழமை அக்ஸ்பிரிட்ஜுக்கு அங்காலை தட்டுச் சுடுற இடத்துக்குப் போவம். ஆளுக்குப் பத்துத் தட்டு. ஆர் கூட உடைக்கினமோ அவையின்ரை கபினெட்டுக்குத்தான் கபேட். சம்மதமோ?”

“உமக்கென்ன கபினெட்?” வயிறு குலுங்கச் சிரித்தார். “உமக்கு யோகாவிலை கைகால் நீட்டத்தான் தெரியும்.” ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அவள் ஹொஸ்பிட்டல் சிநேகிதிகளோடு யோகாவுக்குப் போய்வருவாள்.

“சம்மதமோ இல்லையோ?”

“சம்மதம்!”

வட்ஸப்பிலும் எழுதச் சொன்னாள். எழுதினார். கீழே கட்டைவிரல் படமும் போட்டார்.

ஞாயிறு காலை, சுடுமிடத்துக் கவுண்டரில் தோட்டாப் பெட்டிகள் சுவர் முழுக்க அடுக்கி இருந்தன. அங்கே சுட்டுப் பழக லைசென்ஸ் தேவையில்லை, துவக்கும் அவர்களே தருவார்கள், தோட்டாவை மட்டும் தெரிவு செய்ய வேண்டும். சூசைதாசன் ஒரு பெட்டியை எட்டி எடுத்தார். மேலே அழகான புறாப் படம். முப்பத்திரண்டு கிராம், ஆறாம் நம்பர்.

“அது உயிர்ப் புறாவுக்கு,” என்றாள் கவுண்டரில் நின்ற வெள்ளைக்காரி. “இங்கே கூடாது. இருபத்தெட்டு கிராமுக்கு மேல் அனுமதியில்லை. புதிய ஆள் என்றால் இருபத்தொன்றில் தொடங்குங்கள். தோளுக்கு உதை குறைவு.” சொல்லிக்கொண்டே, றோஸ்மலர் வாயைத் திறக்கும் முன்பே, இருபத்தொரு கிராம் பெட்டி ஒன்றை அவள் முன்னால் வைத்தாள். நல்ல கவனிப்பு என்று சூசைதாசன் நினைத்தார்.

“இஞ்சேரப்பா, நீங்களும் இருபத்தொண்டு எடுங்கோ,” என்றாள் றோஸ்மலர்.

அவருக்குச் சுள்ளென்றது. பதினேழு வருசமாக ஹீத்ரோ கார்கோவில் பாரம் தூக்குகிறவர் அவர். “இருபத்தெட்டுக் கிலோவை ஒத்தைக் கையாலை தூக்கிறவனுக்கு இருபத்தெட்டுக் கிராம் என்ன செய்யும்? பாரமானதையே தாங்கோ! நம்பரும் பெரிசாய். ஒன்பது!”

“ஒன்பது ஏன்?”

“எட்டைவிடப் பெரிசெல்லோ.”

“அண்ணை…” என்று இழுத்தான் சுபாஸ்கரன்.

“நீர் பொறும் தம்பி.”

றோஸ்மலர் பெருமூச்சு விட்டாள். “நான் நாள் முழுக்க ஆக்களுக்கு இரத்தம் எடுக்கிறவள். இருபத்தோராம் நம்பர் ஊசி மொத்தம், இருபத்தைஞ்சு மெல்லிசு. இதுவும் அப்பிடித்தான். நம்பர் கூடக்கூட உள்ளுக்கை இருக்கிற சன்னம், அந்த ஈயக் குண்டு, சின்னனாகும். கிராம் கூடினால் உங்கட தோளுக்குத்தான் அடி. நீங்கள் கேட்டது பெரிய உதையும் சின்னச் சன்னமும்.”

“ஊசி குத்திறவைக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும்?” என்றார். பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ராசா மாதிரி நடந்தார்.

ராசாவின் நிலைமையைத்தான் தொடக்கத்தில் பார்த்தோம்.

ஐந்தாவதற்குத் தோள் துவக்கைக் கண்டதும் தானாகப் பின்வாங்கியது. ஆறாவதற்குக் கண்கள் இரண்டும் மூடிக்கொண்டன. உண்மையைச் சொன்னால், ஏழாவதற்கும் அவை திறக்கவில்லை. வெடி கேட்டுக் கண்ணைத் திறந்தபோது, அதோ, தட்டு துண்டு துண்டாய் விழுகிறது!

“உடைஞ்சுது! பாத்தீரோ? பாத்தீரோ?”

“நோ பேர்ட்,” என்றாள் தட்டை எறியும் மெஷின் பக்கத்தில் நின்ற பெண்.

“என்னவாம்?”

“புறா இல்லையாம், அண்ணை,” என்றான் சுபாஸ்கரன். “தட்டைத்தான் இஞ்சை புறா எண்டுவினம். இது கணக்கில்லை. மெஷினிலை இருந்து வரேக்கையே உடைஞ்சுதான் வந்தது. நீங்கள் சுட முதலே.”

அதற்குப் பதிலாக வந்த தட்டு உடையவில்லை. எட்டு இல்லை. ஒன்பதின் ஓரத்தில் ஒரு சில்லுத் தெறித்தது. மெஷின் பக்கத்துப் பெண் நல்ல மனசுக்காரி, அதைக் கணக்கில் எடுத்தாள். பத்து இல்லை. மொத்தம் ஒன்று.

“பரவாயில்லை,” என்றார் சூசைதாசன். நம்பிக்கை இன்னும் குறையவில்லை. அந்த மனுசனிடம் குறையாத ஒரே சாமான் அதுதான். “உமக்கு ஒண்டும் விழாது. நான்தான் வெற்றி.”

றோஸ்மலர் தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தாள். இழுத்துச் செருகச் சேலைத் தலைப்பு இல்லை, ஜக்கெட் சிப்பை மேலே இழுத்தாள். துவக்கைத் தோளோடு இறுக்கிக் கன்னத்தை அதில் சாய்த்தாள். தட்டை எறியச் சொல்லி இங்கிலீசில் கத்தினாள்.

“புள்!”

தட்டு தூளானது.

“குருட்டு வாய்ப்பு.”

“புள்!” தூள்.

“வெயில் உமக்குப் பின்னாலை நிக்குது.”

“புள்!” தூள்.

ஆறாவதோடு அவர் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார். பத்துக்கு எட்டு. சுபாஸ்கரன் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினான், ஏதோ பட்டமளிப்பு மாதிரி.

“யோகாவிலை இதையும் படிப்பிக்கினமோ?” குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. தட்டைவிட நன்றாக.

அப்போதுதான் கவுண்டர்க்காரி வெளியே எட்டிப் பார்த்தாள். “ரோஸ்! சனிக்கிழமை பெண்கள் குழுவுக்கு வழக்கம்போல வருவீர்கள்தானே?”

சூசைதாசன் மனைவியைப் பார்த்தார். அவள் துவக்கைத் திறந்து வெறும் தோட்டாவை எடுத்துக் கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை யோகா?”

“ரெண்டு கிழமை போனனான். அலுத்துப் போச்சு. பிறகு எட்டு மாசமாய் இஞ்சைதான்.”

“அப்ப கபினெட்?”

“நாளைக்கு வருது. போன மாசமே ஓடர் பண்ணீட்டன். லைசென்சுக்கும் போட்டாச்சு. புதன்கிழமை பொலிஸ் வீட்டை பாக்க வருகினம். உங்களிட்டையும் கதைப்பினம். மனுசி கோவக்காரியோ எண்டு கேட்டால், வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ.”

“இது அநியாயம்! கபேட் எனக்கெண்டுதானே பேச்சு?”

அவள் போனை எடுத்து நீட்டினாள். ‘ஆர் கூட உடைக்கினமோ அவையின்ரை கபினெட்டுக்கு.’ கீழே கட்டைவிரல். அவருடைய கட்டைவிரல்.

பின்னேரம் சூசைதாசன் கபேட்டை வெறுமையாக்கினார். பதினொரு ஐஸ்கிரீம் டப்பாவையும் இடது கையால்தான் எடுத்தார். தையல் மெஷினைச் சுபாஸ்கரன் வந்து தூக்கிக் கொடுத்தான். அரிசி மூட்டை அசையவில்லை. பதினேழு வருசக் கார்கோத் தோள் காதளவுக்குக்கூட உயர மறுத்தது. நிலத்தில் குந்தி, மூட்டையை முதுகால் தள்ளித் தள்ளிக் குசினிக்குக் கொண்டுபோனார்.

“நோகுதோப்பா?” றோஸ்மலர் ஐஸ் பையைக் கொண்டுவந்து தோளில் வைத்தாள். உண்மையான கரிசனைதான். அதுதான் இன்னும் நொந்தது.

“கொஞ்சம்.”

“என்னிலை பிழை இல்லை. நான் ஏமாத்தவும் இல்லை. கவுண்டரிலை வைச்சு, எல்லாருக்கும் முன்னாலை, உங்களுக்கு முதலே ஒரு விசயம் சொன்னனான். என்ன சொன்னனான்?”

சூசைதாசன் அரிசி மூட்டையைப் பார்த்தார். இருபத்தொன்று எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை.