ராணிக்கு அதிர்ச்சி ஆகாது

ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர் என்று யார் யாரையோ சொல்கிறார்கள். கண்டி மாநகரில் அந்தப் பட்டத்துக்கு முழு உரித்துடையவர் ஒருவர்தான்: எங்கள் புடவைக்கடை முதலாளி அன்ரனி. அவரிடம் மனேஜராக இருக்க நான் போன பிறவியில் என்ன புண்ணியம் செய்தேனோ!

முதலாளி யூடியூப் பார்த்து எறும்பு வளர்க்கிறார். கண்ணாடிக் குழாயில் ஒரு ராணி. குழாயின் அடியில் தண்ணீர், நடுவில் பஞ்சு. ராணி முட்டையிட்டு, இப்போது நாலைந்து வேலைக்கார எறும்புகளும் வந்துவிட்டன. சாப்பாடு, ஊசிமுனை அளவு இனிப்பான கித்துள் பாணியும் கடிக்க வரும்போது அன்றன்று அடித்த நுளம்பும். நுளம்பு அடிக்கும் ‘பிரிவு’ என் பொறுப்பில் இயங்குகிறது.

ராணிக்கு இருட்டு வேண்டும், அமைதி வேண்டும், அதிர்ச்சி கூடவே கூடாது. ஆகவே கடையில் ரேடியோ நிறுத்தப்பட்டது. கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஒரே கதிரை, மெத்தையுடன், ராணிக்கு ஒதுக்கப்பட்டது. இதற்கென்றே ஊழியர் கூட்டம் கூடியது. கூட்டத்தில் சேலைப் பகுதி டொரதி குறுக்கே பேசினாள். அவளுக்கு ஏழாம் மாதம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து, பொழுது சாயும்வரை கடையிலும் நிற்பவள்.

“முதலாளி, காலு ரெண்டும் வீங்கிப் போச்சுங்க. ஆள் வராத நேரம் செத்த உக்காந்துக்கவா?”

“எதுல உக்காருவ? கதிரையில ராணி இருக்கா.”

“வேற ஒரு கதிரை போட்டா...”

“இது கடையா, கலியாண வீடா? விக்கிற பொண்ணு உக்காந்தா யாவாரம் படுத்துரும்!”

“ராணி மட்டும் சும்மாதானே இருக்குது, முதலாளி?” என்றாள் பக்கத்தில் நின்ற றொசானா.

“ஏய், அவ முட்டை போடுறவ!”

கோரிக்கை ஆழ்ந்த அனுதாபத்துடன் நிராகரிக்கப்பட்டது.

டிசம்பர் பிறந்து நத்தார் சீசன் வந்தது. கடை நிறையச் சனம். மேல் தட்டிலிருந்து சேலை எடுக்கக் கையை நீட்டிய டொரதி, தலை சுற்றி, தட்டோடு சேர்ந்து தடாலென்று விழுந்தாள். முதலாளி பதறியடித்து ஓடிவந்தார். அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. டொரதியைத் தாண்டி நேரே கதிரைக்குப் போனார்.

“அடிப்பாவி! ராணிக்கு அதிர்ச்சி ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

றொசானா ஓடிப்போய் ஒரு திறீவீலரைக் கூட்டிவந்தாள். அதில் முதலாளி ஏறிக்கொண்டார், மடியில் குழாயோடு. “பேராதெனியவுல எறும்பு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்காரு. குலுங்காமப் போப்பா” என்றார். டொரதிக்கு வேறு வண்டி கிடைக்க வெகுநேரமாயிற்று. சீசன் இல்லையா?

ராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டைகளும் பத்திரம். மறுநாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்து முதலாளியிடம் விவரம் சொன்னேன்.

“டொரதிக்கு மாசம் நெறையாமப் புள்ள பொறந்திருச்சுங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க. அளவா சூடு குடுத்து, சொட்டுச் சொட்டாப் பால் குடுக்குறாங்க. யாரும் தொடக் கூடாதாம்.”

முதலாளியின் முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா மனேஜர்! நம்ம ராணிக்குக் கெடைச்ச கவனிப்பெல்லாம் அந்தப் புள்ளைக்கும் கெடைச்சிருக்கு!”

“ஆமாங்க முதலாளி. எல்லாம் நீங்க குடுத்ததுதானுங்க.”