மச்சான் வாங்கிய மெமரி

திருப்பூர்,
திங்கட்கிழமை

அன்புள்ள தம்பி தரணிக்கு,

அக்கா மதுமதி எழுதிக்கொண்டது. இங்கே நானும் யாழினியும் நலம், புதிதாக வந்திருக்கும் கம்ப்யூட்டர் மெமரியும் நலம். உன் மச்சான் கோபத்தோடு நலம். போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

காலையில் எழுந்ததும் பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டு, அந்த மெமரி என்ன வேகத்தில் ஓடுகிறது என்று பார்த்தேன். பார்த்ததைச் சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் ஆர்டர் மந்தமானதிலிருந்து உன் மச்சான் மகள் யாழினியோடு கார் ரேஸ் கேம் ஆடுகிறார், தினமும் தோற்கிறார், மெமரி வேகம் போதாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தார், உன்னைக் கேட்டார், நீயும் கம்ப்யூட்டர் படித்த தைரியத்தில் "கேமுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாதுங்க மச்சான், காசுக்குப் புடிச்ச கேடு" என்று சொல்லித் தொலைத்தாய். நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவரிடம் வேகம் வேண்டாம் என்று சொல்லலாமா? "மெஷின் ஸ்பீடக் கூட்டுனா துணி சேத்தி எறங்காதா? உன்ற தம்பிக்கு என்ன தெரியும்?" என்றார். "துணி எறங்குமுங்க, தைக்கறதுக்கு அதே டைலர்தானுங்களே" என்றேன். என்னையும் உன் கட்சியில் சேர்த்துவிட்டு, காதர்பேட்டைக் கடைகளில் பனியன் சரக்கை இறக்கிவிட்டு வரும் வழியில் வாங்கி வந்து மாட்டிவிட்டார். கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே அது கலர் கலராக மினுக்கியது. கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அன்புசெல்வி வந்து பார்த்து, "ஏனுங்கண்ணா, கோயில் நோம்பிக்குப் போட்ட சீரியல் செட்டாட்டம் இருக்குதுங்க, சாமி எங்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அவர் ஜெயித்தார். மறுநாளும் ஜெயித்தார். இப்போது, "உன்ற தம்பி போன் பண்ணி, நாஞ்சொன்னது தப்புங்க மச்சான்னு சொல்லட்டும், அப்பறம் அவன் புது ஊட்டு விசேசத்துக்கு வாரேன்" என்று உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூரில் உன் கிரகப்பிரவேசம், பால் காய்ச்சுவதற்கு உடன்பிறந்தவள் நான் வேண்டும், அவரில்லாமல் பிறந்த வீட்டு விசேஷம் எதற்கும் நான் வந்ததில்லை என்பது உனக்கே தெரியும்.

காலையில் பார்த்தது இதுதான். மெமரி வந்த அட்டைப்பெட்டியில் வேகம் 6000 என்று போட்டிருக்கிறது. ஓடுவது பழைய மெமரி ஓடிய அதே 4800-இல். வேகத்தைத் திறந்துவிட ஒரு செட்டிங் உண்டாம், அதை யாரும் தொடவில்லை. பிறகு எப்படி ஜெயித்தார்? யாழினியை எழுப்பிக் கேட்டேன்.

"வளைவுல நாந்தாம்மா பிரேக் புடிச்சேன். ஜெயிச்சா அப்பாவுக்குக் கோவம் எறங்கும்னு பாத்தேன். ஏறும்னு ஆரு கண்டா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஆகவே கண்ணு, நியாயம் உன் பக்கம்தான். இருந்தாலும் ஒரு போன் செய்து, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடு. விசேஷம் நல்லபடி நடக்கட்டும். உன் வீட்டில் விளக்கு என்றும் நின்று எரியட்டும். தம்பி மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. முருகன் துணை.

அக்கா
மதுமதி

பி.கு.: எழுதி முடித்துவிட்டு அந்தச் செட்டிங்கை நானே மாற்றி, ஒரு ரேஸ் ஓட்டிப் பார்த்தேன். எப்போதும் மோதுகிற அதே சுவரில் கொஞ்சம் வழவழப்பாக மோதினேன், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு கடிதத்தைப் படித்தேன். ஒருவர் ஜெயிக்க மகள் பிரேக் பிடித்தது போதாதென்று உன்னையும் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ போன் செய்ய வேண்டாம். சனிக்கிழமை மதியம் நான் தனியாகக் குன்னத்தூர் பஸ் ஏறுகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உன் மச்சானிடம் பஸ் கிளம்பிய பிறகு சொல்வேன்.