தங்கை நிச்சயத்தை ‘டிஃபர்’ செய்தவன்

அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவனால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை. அலுவலக ஆங்கிலம் முழுசாகத் தெரிந்தவன்தான் கெடுப்பான். நானே சாட்சி.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையொன்றில் அப்போது நான் கிராணி, அதாவது குமாஸ்தா. தங்கை மாலதியின் நிச்சயதார்த்தத்துக்கு நான்கு நாள் இருக்கையில், தட்டு மாற்ற வேண்டிய தாய்மாமா டெங்கிக் காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்துவிட்டார்.

“வெத்தல பாக்கோட மாப்பிள்ள வீட்டுக்கு நேர்ல போயி, புதுத் தேதியக் கையோட சொல்லிட்டு வாடா,” என்றார் அம்மா.

“வாட்ஸ்அப் போதும்லா, ம்மா.”

தள்ளிவைப்பதை ‘போஸ்ட்போன்’ என்று எழுதியிருக்கலாம். அது வெறும் சட்டை. ‘டிஃபர்’தான் கோட்டுப் போட்ட சொல் (என்று நினைப்பு). ‘வருந்துகிறோம், நிகழ்ச்சி டிஃபர் செய்யப்படுகிறது, மறுதேதி பின்னர் அறிவிக்கப்படும்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, கோப்பு எண்ணும் போட்டு (ஆமாம், கோப்பு எண்!), கோலா சுங்கை பாருவில் இருக்கும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. மாப்பிள்ளை சரவணன் மாலதியின் போனை எடுக்கவில்லை. அவள் சோற்றைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அம்மாவோடும் தாம்பூலத் தட்டோடும் காரில் கிளம்பினேன். வழியில் தங்கா பத்து ஊரைத் தாண்டியும் அம்மா திட்டவில்லை. அவர் திட்டாதபோதுதான் எனக்குப் பயம் அதிகம்.

மாப்பிள்ளையின் அப்பா என் வாட்ஸ்அப் கடிதத்தை அச்சடித்தே வைத்திருந்தார்.

“மவன் வேலைக்கு மனு போட்டப்பல்லாம் இப்படித்தான் தம்பி ‘வருந்துறோம்’னு லெட்டர் வரும். அதோட சரி. பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா வாயால சொல்லக் கூடாதா?”

தேதி சொல்லாமல் தள்ளிப்போட்டால் எங்கள் பக்கம் அது மறுப்பேதான். கிராணி மூளைக்கு அது எட்டவில்லை. தட்டோடு அவர் காலில் விழுந்தேன். ஆரஞ்சுப் பழங்கள் சோபாவுக்கடியில் உருண்டோடின. அவர் சிரிக்கவில்லை.

அம்மாதான் நிதானமாகக் கேட்டார்: “அண்ணே, அடுத்த மாசம் பத்தாந்தேதி, ஞாயித்துக்கெழம. சம்மதமா?”

“சம்மதம்!” என்று அறைக்குள்ளிருந்து சரவணன் கத்தினான்.

ஆறு வருடமாயிற்று. இரு குடும்பத்திலும் எது தள்ளிப்போனாலும் நேரில் போய்ச் சொல்வது என் வேலை. சம்பந்தி விதித்த தண்டனை. போன வாரம் மாலதி மகனின் பிறந்தநாள் விருந்து ஒரு நாள் தள்ளிப்போனது. மழையில் கார் ஓட்டிப் போய்ச் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றேன்.

“மாலதி காலையிலேயே மெசேஜ் போட்டுருச்சு,” என்றார் அவர், கதவைத் திறந்தபடி. “பரவால்ல, உள்ள வா. வாயால சொல்லு, கேப்போம்.”