பதினைந்தாயிரம் மைலும் ஒரு இனிஷியலும்

வாழ்க அசோகன்! ஸ்ரீராம்புரம் ஐந்தாம் கிராஸ் தெருவின் அணிவிளக்கே, பீன்யாத் தொழிற்பேட்டையில் ஸ்பானர் ஏந்திய செங்கையனே, ஊர் ஊராய்ப் பறந்து தையல் எந்திரங்களின் பிணி தீர்க்கும் மருத்துவனே, எண்ணெய்க் கறை படிந்த சட்டைப்பையில் போர்டிங் பாஸின் அடிக்கட்டையைக் கசங்காமல் காத்த பேராளனே, உன் புகழைச் சொல்ல நாக்கு ஒன்று போதாது. இருக்கிற ஒன்றை வைத்துச் சொல்கிறேன். நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா, பின்வரிசைக்கும் கேட்கட்டும். பெண்ணுக்காக நடந்த போர்தான் இது. ஆனாலும் ஒருவர் மூக்கிலும் ரத்தம் வராது, பயப்பட வேண்டாம்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் பங்குனி வெயில் பெங்களூரை வறுத்துக்கொண்டிருந்த காலம். வெண்நாரை ஏர்வேஸ் என்றொரு விமானப் பேரரசு இருந்தது. தன் விமானத்தில் ஏறியவன் எத்தனை மைல் பறந்தானோ அத்தனையையும் அவன் பேரில் எழுதிவைத்து, பதினைந்தாயிரம் சேர்ந்ததும், அவனுக்கோ அவன் குடும்பத்தாரில் ஒருவருக்கோ டில்லி போய்வர ஒரு டிக்கெட் இனாம் என்று அது முரசறைந்திருந்தது. அதுமட்டுமா! கடல்கடந்த கடற்கழுகு ஏர்லைன்ஸோடு கைகோத்து, "அவன் வானில் பறந்தாலும் என் வானில் பறந்ததாகவே கொள்வேன்" என்று கூட்டாளி உடன்படிக்கையும் செய்திருந்தது. சேனைகள் சேர்வதுபோல் மைல்கள் சேரும் என்று வண்ணக் காகிதத்தில் அச்சிட்டும் கொடுத்தார்கள்.

கம்பெனிச் செலவில் ஏழாண்டு பறந்தவன் அசோகன். ஒருமுறையும் பறக்காதவள் அவன் மனைவி வனஜா. ஒவ்வொரு பயணம் முடிந்தும் விமானத்தில் கொடுத்த சர்க்கரைப் பொட்டலம் இரண்டை அவன் கொண்டுவந்து தருவான். அவள் காபியில் போடாமல் ஊறுகாய் பாட்டிலில் போட்டுவைப்பாள். ஏழாண்டில் பாட்டில் கழுத்துவரை நிரம்பிவிட்டது. அந்தப் பாட்டில் இருக்கும் பக்கமே நம் வீரன் திரும்பமாட்டான்.

அந்த வேளையில்தான் டில்லியிலிருந்து ஓலை வந்தது. வனஜாவின் அக்கா வள்ளியம்மா மகளுக்கு, ஏப்ரல் முதல் ஞாயிறன்று வளைகாப்பு. அக்காவும் தங்கையும் பார்த்து ஒன்பது வருஷம். வனஜாவோ கார்மென்ட்ஸ் கம்பெனியில் காலர் தைப்பவள். சனியும் திங்களும் லீவு தருவதே தவம் செய்து பெறுகிற வரம். ரயிலில் போனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, கண்ணுகளா. ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கி, பழைய சேலையில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். அவ்வளவுதான். அதைக் கண்ட அசோகன் எழுந்து நின்று, "மார்ச் முப்பத்தொன்றோடு என் மைல்கள் காலாவதியாகிச் செத்துப்போகும், அதற்குள் அவற்றை உயிரோடு உன் காலடியில் சேர்ப்பேன்!" என்று சூளுரைத்தான். "குக்கர் சத்தம் எத்தனை ஆச்சு, எண்ணினீங்களா?" என்றாள் அவள்.

இனி முதற்போர். வெண்நாரை தந்த அட்டையில் நம் வீரனின் பெயர் 'மிஸ்டர் பி' என்றிருந்தது. ஏனென்றால் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில், உலகத் தமிழர் எல்லாரையும்போல அவனும் தன் இனிஷியலை எழுதிவைத்தான். பாஸ்போர்ட்டிலோ, பழனிச்சாமி என்று அப்பா பெயர் முழுதாக நின்றது. ஆகவே கடற்கழுகின் முதுகேறி ஜகார்த்தா சென்று நாற்பது எந்திரங்களை உயிர்ப்பித்து மீண்ட ஆறாயிரத்து நானூறு மைலும் பழனிச்சாமியைச் சேர்ந்தவை, பி என்பவன் யாரோ என்று பம்பாய்த் தலைமையகம் கைவிரித்தது. சினந்தெழுந்தான் சிங்கம்! போர்டிங் பாஸ் அடிக்கட்டைகள் வாள்களாக, ஃபேக்ஸுகள் அம்புமழையாக, தொலைபேசியில் காத்திருக்கச் சொல்லி ஒலிக்கும் அந்தப் பியானோ இசையே போர்ப்பறையாக, இரண்டு வாரம் முற்றுகையிட்டுப் பொருது, இறுதியில் 'மிஸ்டர் பழனிச்சாமி' என்று பொன்னெழுத்துப் பொறித்த புது அட்டையோடு பதினைந்தாயிரத்து நானூறு மைலையும் வென்றான். இருந்தவரை சிட்டி பஸ்ஸில் ஏறினாலே வாந்தியெடுத்த புண்ணியவான் பழனிச்சாமி, இறந்த பதினோராம் ஆண்டில் ஜகார்த்தா போய்வந்தார்.

வெற்றியே வினையாகும் விந்தையை இனிக் கேளுங்கள்.

மார்ச் இருபத்தெட்டு, வியாழன். எம்.ஜி. ரோடு அலுவலகக் கண்ணாடிக் கோட்டையின் வாயிலில் டோக்கன் எண் நாற்பத்தேழைக் கேடயமாக ஏந்தி நின்ற அசோகனை, கோட்டைக் காவலியாகிய பார்கவி என்னும் பெண் அழைத்தாள். அவன் வனஜாவின் அடையாள அட்டையை நீட்டினான். கம்ப்யூட்டரைத் தட்டிய பார்கவியின் முகம், மேகம் மறைத்த நிலவாயிற்று.

"சார், சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது. குடும்பம்னா ஒரே சர்நேம் இருக்கணும். நீங்க பழனிச்சாமி. இவங்க வனஜா அசோகன்."

"அசோகன் நான்தாம்மா!"

"ஆனா சர்நேம்ல நீங்க பழனிச்சாமி, சார்."

"என் பொண்ணு பேர்ல போட்டுப் பாரேன். ரக்ஷிதா."

"ரக்ஷிதா என்ன?"

"ரக்ஷிதா அசோகன்."

பெற்ற மகளும் கட்டிய மனைவியும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று பச்சை எழுத்தில் திரை பளபளத்தது. உலகில் இவனோடு பெயர் ஒத்துப்போகிறவன் ஒரே ஒருவன்தான். அவன் இவன் தம்பி சுனில். வேலைக்குப் போகாத விரதத்தை விடாமல் காத்துவரும் சுனில் பழனிச்சாமி. சேதி அவன் காதுக்கு எட்டிய விரைவு எந்த விமானத்துக்கும் வாய்க்காது.

"ணா, கஷ்டப்படாதண்ணா. நானே டில்லி போய் அந்த வளையலைக் கொடுத்துட்டு வந்துடறேன். ஸ்வெட்டர் மட்டும் நீ கொடு."

"ஏப்ரல்ல டில்லியில ஸ்வெட்டரா? வெந்துடுவே, போடா!" என்றான் தமையன்.

வெள்ளியன்று, உடன் வேலை செய்யும் ஹெர்பர்ட் ஓர் உபாயம் உரைத்தான். சிவாஜிநகரில் நோட்டரியிடம் போய், வனஜா என்பவள் இனி வனஜா பழனிச்சாமி என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிவிட்டால் தீர்ந்தது. அதை வீட்டில் வந்து அசோகன் மெல்ல எடுத்தோதியபோது, இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு திரும்பினாள்.

"நான் என்ன உங்கப்பாவையா கட்டிக்கிட்டேன்?"

அம்பறாத்தூணி அம்மட்டில் வெறுமையாயிற்று. வீரன் தலை கவிழ்ந்தான். பாட்டிலில் இருந்த சர்க்கரையெல்லாம் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது. "விடுங்க, அக்காவை இன்னொரு தரம் பாத்துக்கலாம்" என்று அவள் சொன்ன சொல் இருக்கிறதே, அது கடற்கழுகும் வெண்நாரையும் கூடி வந்து கொத்தினாற்போல் வலித்தது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வனஜா அவன் போன வாசலைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த ரேஷன் கார்டை எடுத்துத் தூசி தட்டினாள்.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டாள் அந்தக் காலர் தைத்த வீராங்கனை! முன்னே அவள், பின்னே பையோடு அவன். கண்ணாடிக் கோட்டையின் கதவு தானே திறந்து வழிவிட்டது. எல்லாருக்கும் திறக்கிற கதவுதான், ஆனாலும் அன்று கொஞ்சம் பயந்து திறந்ததாகவே கொள்ளுங்கள். பார்கவி பம்பாய்க்குப் போன் போட்டாள். பம்பாய், கணவன் மனைவி என்பதற்கு அத்தாட்சி கேட்டது. வனஜா கவுன்ட்டரில் இரு கையையும் ஊன்றி, திக்கெட்டும் அதிர முழங்கினாள்:

"அந்த சாரைக் கேளும்மா. பழனிச்சாமி பொண்டாட்டி என் மாமியார். அவங்க போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு. நான் அசோகன் பொண்டாட்டி. அதனாலதான் என் பேருக்குப் பின்னாடி அசோகன் நிக்கறாரு. நாங்க புருஷன் பொண்டாட்டின்னு இதுக்கு மேல எங்க எழுதி வெக்கறது? நெத்தியிலயா?"

வரிசையில் நின்றவர்கள் டோக்கனை மறந்தார்கள். அவள் ரேஷன் கார்டை உறையிலிருந்து உருவி வீசினாள். அரிசி வாங்கி, மண்ணெண்ணெய் வாங்கி, ஓரமெல்லாம் நைந்து, சர்க்கரை எறும்பு கடித்த துளையோடு கிடந்த அந்தக் கன்னட ஏடே பிரம்மாஸ்திரமாய் மின்னியது. "ஸ்வல்ப இருங்க" என்ற பார்கவி, போனில் ஒவ்வொரு வரியாய்ப் பெயர்த்துப் படித்தாள்: குடும்பத் தலைவர், அசோகன். தந்தை, பழனிச்சாமி. ஹெண்டதி, அதாவது மனைவி, வனஜா. மறுமுனை அப்போதும் அசையவில்லை. அப்புறம் தன் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைத் தொட்டுக்கொண்டு, "சார், என் பேரும் பார்கவி முனியப்பாதான். முனியப்பா எங்கப்பா. கல்யாணம் ஆனா எனக்கும் இதே கதிதான். போட்டுக் கொடுங்க சார்" என்றாள் அந்தப் பெண். அவள் நல்லா இருக்கட்டும்.

அச்சு எந்திரம் சங்கம்போல் முழங்கிற்று. டிக்கெட் வந்தது.

அடுத்த சனி விடியலில் வளையல் பெட்டியை மடியில் அணைத்தபடி வனஜா வானேறினாள். திங்கள் மாலை, பழைய ஏர்போர்ட்டின் கம்பித் தடுப்பைப் பற்றியபடி, போரில் வென்றும் பயணம் போகாத பெருந்தகை அசோகன் கால்கடுக்கக் காத்து நின்றான். மேகமண்டலத்தை ஊடறுத்து, விந்தியம் தாண்டி, யமுனைக்கரை கண்டு, ஒன்பதாண்டுப் பிரிவின் கண்ணீரைத் துடைத்து மீண்ட அந்த வான்வெளித் தலைவி, ஏழாண்டுத் தவத்தின் பயனைப் பற்றி என்ன திருவாய் மலர்வாளோ என்று காதைத் தீட்டிக்கொண்டு, "எப்படி இருந்துச்சு?" என்று அவன் கேட்டான்.

வனஜா கைப்பையைத் திறந்து இரண்டு சர்க்கரைப் பொட்டலத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஆட்டோ கிடைக்குமா என்று கேட்டாள்.